விரல் விடாத பந்து

பந்தின்மேல் கை வைத்துக் குனிந்தால் போதும், கெர்லாக்கின் விரல்கள் அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த டிசம்பர் ஆட்டத்துக்குப் பிறகு அப்படித்தான்.

ஆம்ப்ரோஸ் கெர்லாக் நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே வளர்ந்தவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. டோலிடோ பைலட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் முன்வரிசையில் ஐந்து வருஷமாக மாற்று ஆட்டக்காரன். வரிசைக்கு நடுவில் நிற்கும் சென்டர் வேலை அவனுடையது. ஒவ்வொரு முறையும் சென்டர்தான் குனிந்து கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் வீச வேண்டும்; அதற்கு ஸ்னாப் என்று பெயர். அந்தப் பந்து, பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் நெஞ்சுக்கு நேராகப் போய்ச் சேர வேண்டும். வீசிய அதே மூச்சில் நிமிர்ந்து, குவார்ட்டர்பேக்கை நசுக்க ஓடிவரும் ஆட்களை மறிக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து செய்துவந்த வேலை. செருப்பு மாட்டுகிற மாதிரி யோசிக்காமல் செய்துவந்தான்.

டிசம்பரில் பழைய சென்டருக்குக் கணுக்கால் பிசகியதால் கெர்லாக் களத்தில் இறங்கினான். ஆட்டம் முடியப்போகும் நேரம். பந்து அவன் விரலை விட்டு ஒரு இமைப்பொழுது தாமதமாகக் கிளம்பியது. அதனால் உயரப் போனது. குவார்ட்டர்பேக் மார்லன் பீட்டி எம்பிப் பிடித்தான். கால் தரையில் படாத அந்த நொடியில் பக்கவாட்டிலிருந்து ஒருவன் வந்து மோதினான். பீட்டிக்குக் காறை எலும்பு முறிந்தது. விலா எலும்பு ஒன்று நுரையீரலில் குத்தியது. அரங்கமே வாயடைத்துப்போய் இருக்க, அவன் புல்லில் கிடந்து மூச்சை இழுத்த சத்தம் மட்டும் கேட்டது. கிழிந்த துருத்தி மாதிரி ஒரு சத்தம்.

யாரும் கெர்லாக்கைக் குறை சொல்லவில்லை. விளையாட்டு என்றால் அப்படித்தான் என்றார்கள். பனிக்காலம் முடிவதற்குள் பழைய சென்டர் ஓய்வு பெற்றுவிட, இனி கெர்லாக்தான் என்று ஊரே பேசியது. பிறகு வசந்தத்தில் அணி கல்லூரியிலிருந்து கல்பெப்பர் என்ற ஜார்ஜியாக்காரனை எடுத்தது. அவனும் சென்டர். இருபத்திரண்டு வயது, கழுத்தே தெரியாத தோள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. கெர்லாக்கின் முகம் வாடியிருப்பதைப் பார்த்தவர்கள் அந்தப் பையனை எண்ணித்தான் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் அப்படியே நினைக்கட்டும் என்று கெர்லாக் விட்டுவிட்டான்.

ஜூன் மாதப் பயிற்சி லேசானது. கவசம் கிடையாது, மோதல் கிடையாது. குணமாகி வந்திருந்த பீட்டி, யாரும் தொடக்கூடாது என்பதற்கு அடையாளமான சிவப்புச் சட்டையில் பின்னால் நின்றான். கெர்லாக் குனிந்தான். பந்தை வீசச் சொல்லிப் பீட்டியின் குரல் வந்தது. விரல் விடவில்லை. விட்டபோது பந்து தள்ளாடிக்கொண்டு பீட்டியின் தலைக்கு மேலே போனது. பீட்டி கையை நீட்டிப் பிடித்துவிட்டான்.

"என்னடா கெர்லாக், அடுத்த தடவை ஏணி எடுத்துட்டு வரட்டுமா?" என்றான் பீட்டி.

எல்லோரும் சிரித்தார்கள். கெர்லாக்கும் சிரித்தான். உள்ளங்கை ஈரமாக இருந்தது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டே இருந்தது.

மாலையில் வீடியோ அறை. முன்வரிசைக்காரர்களின் கோச் ராட்கே குட்டையான மனிதர். அந்த மலைகளுக்கு நடுவே நின்றால் காணாமல் போய்விடுவார். ஆனால் அவர் தொண்டையைக் கனைத்தால் மலைகள் நிமிர்ந்து உட்காரும்.

"இங்க பதினாறு பேர் இருக்கீங்க. ஆகஸ்ட் கடைசில ஒம்பது பேர்தான் இருப்பீங்க. மிச்சம் பேரு ஊருக்குப் போயி பொண்டாட்டி புள்ளைங்களோட சந்தோஷமா இருக்கலாம். நான் யாருக்கும் மாமனும் இல்ல, மச்சானும் இல்ல. படத்துல என்ன தெரியுதோ அதான் எனக்கு."

படத்தை ஓட்டினார். கெர்லாக் குனிந்திருந்த இடத்தில் நிறுத்தினார்.

"எல்லாரும் கிளம்பியாச்சு. பந்து மட்டும் கிளம்பல. என்னப்பா கெர்லாக், கையில பசை தடவியிருக்கியா?"

"சரி பண்ணிடறேன் கோச்."

"பண்ணு. உன் பக்கத்துல உக்காந்திருக்கான் பாரு, அவனுக்கு ராத்திரிலகூட தூக்கம் வராது. உன் நாற்காலியத்தான் பாத்துட்டிருப்பான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்பெப்பர் சங்கடமாகச் சிரித்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வில்லி வீட்டில் சாப்பாடு. வில்லி என்கிற விலியாமி மாஹே பசிபிக் தீவான டோங்காக்காரன், அணியின் வலது கார்ட். அதாவது சென்டருக்கு வலப்பக்கம் தோளோடு தோள் உரசி நிற்பவன். முப்பத்து மூன்று வயது. எழுந்து நிற்கும்போது முழங்கால் இரண்டும் சத்தம் போடும். கெர்லாக் டோலிடோவுக்கு வந்த முதல் வருஷத்திலிருந்து, சர்ச் முடிந்ததும் அந்த வீட்டில்தான் மதியச் சாப்பாடு.

சேப்பங்கிழங்கு இலையில் மாட்டிறைச்சியை வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிப் பொதிந்து வேகவைத்திருந்தாள் வில்லியின் மனைவி. "சாப்பிடுப்பா. இளைச்சுப் போயிட்ட" என்று இன்னும் இரண்டு பொதியை அவன் தட்டில் வைத்தாள்.

"இவனா இளைச்சுட்டான்? இவன் உக்காந்த நாற்காலிய போயி கேளு" என்றான் வில்லி.

சாப்பிட்டு முடித்ததும் வில்லி பந்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் அழைத்துப்போனான். பின்னால் போய் நின்றுகொண்டு, "வீசு" என்றான். கெர்லாக் வீசினான். பந்து அம்பு மாதிரி போய் வில்லியின் நெஞ்சில் விழுந்தது. மறுபடியும். மறுபடியும். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"கை நல்லாத்தான் இருக்கு தோக்கோ" என்றான் வில்லி. அவன் ஊரில் சகோதரனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கோளாறு கையில இல்ல."

கெர்லாக் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "பின்னாடி அவன் நிக்கறான்னு நெனச்சாலே விரல் மடங்கிக்குது வில்லி. அந்தச் சத்தம் கேக்குது. தூக்கத்துலயும் கேக்குது."

வில்லி பந்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "ராட்கேகிட்ட மட்டும் சொல்லிடாத. சொன்னன்னு வை, அன்னிக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான். தானா சரியாயிடும்." பிறகு அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "நீ பேசாம என்னை மாதிரி கார்டா பொறந்திருக்கணும். பந்தத் தொடவே வேணாம். மாடு மாதிரி முட்டினாப் போதும்."

ஜூலைக் கடைசியில் முகாம் தொடங்கியது. கவசம், தலைக்கவசம், வெயில், மோதல். எதிரணி ஊரில் கூட்டம் போடும் கூச்சலுக்குப் பழக வேண்டும் என்று திடலைச் சுற்றி ஒலிபெருக்கி வைத்துக் காது கிழிய இரைச்சலை ஓடவிட்டார்கள். அந்த இரைச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. சென்டர் தன் கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பின்னால் பார்க்க வேண்டும். பீட்டி ஒரு காலைத் தூக்கி வைப்பான். அதுதான் சைகை.

முதல் பந்து பீட்டியின் தலைக்கு மேலே பறந்து போனது. இரண்டாவதும் போனது. வேலியோரம் நின்றிருந்த ரசிகர்களில் ஒருவன், "டேய், பறவைய சுடறியாடா?" என்று கத்தியது இரைச்சலையும் மீறி விழுந்தது. ராட்கே கையிலிருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

மூன்றாவது முறை குனிந்தான். கால்களுக்கு நடுவே பார்த்தான். தலைகீழாகப் பீட்டியின் முகம் தெரிந்தது.

பீட்டியின் இடது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. கை பந்துக்காக நீளவில்லை. உடம்பு பாதி திரும்பியிருந்தது, அடிக்குக் காத்திருக்கிறவன் மாதிரி. சிவப்புச் சட்டை போட்டவனை இங்கே யாரும் தொடப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவன் கண்ணில் இருந்தது பயம். எதிரே பாயக் காத்திருந்தவர்களை அவன் பார்க்கவே இல்லை. கெர்லாக்கின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெர்லாக்குக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் பீட்டி கேலி பேசியதும் சிரித்ததும் இதை மறைக்கத்தான். கெர்லாக் பந்தை எப்படியோ வீசினான். தரையில் உருண்டு போனது. பீட்டி குனிந்து எடுக்கவில்லை. இரண்டடி பின்வாங்கினான்.

அன்று மதியம் கெர்லாக் சாப்பிடவில்லை. ராட்கேயின் அறைக்குப் போகும் வழியில் இரண்டு முறை திரும்பி வந்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் தானாகச் சரியாகலாம், கல்பெப்பருக்குக் கால் பிசகலாம், எதுவும் நடக்கலாம். சொல்லாவிட்டால் பீட்டி மறுபடியும் எம்புவான். இந்தத் தடவை அவன் எழுந்திருக்காமலே போகலாம். மூன்றாவது முறை கதவைத் தட்டிவிட்டான்.

ராட்கே சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உக்காரு."

"நின்னுக்கறேன் கோச். என்னால ஸ்னாப் போட முடியல. டிசம்பர்லேர்ந்து முடியல. பீட்டிய பாத்தா கை வரமாட்டேங்குது."

"இத ஜூன்லயே சொல்லியிருக்கணும்."

"சொன்னா அனுப்பிடுவீங்கன்னு பயம்."

"இப்ப மட்டும் அனுப்ப மாட்டேன்னு யார் சொன்னது?" ராட்கே வாயைத் துடைத்துக்கொண்டார். அவர் எழுந்து ஜன்னல்வரை போய் வருவதற்குள் கெர்லாக்குக்கு உயிரே போய்விட்டது. "பந்த அந்தப் பையன்கிட்ட குடுத்துடு. நாளைலேர்ந்து நீ வலது கார்ட். ரெண்டாவது குழுவோட நில்லு. முட்டத் தெரியுதான்னு பாக்கறேன்."

"வலது கார்ட் வில்லியோட இடம் கோச்."

"யாரு இடமும் இல்ல அது. என் இடம். போ."

அன்று மாலை நடையில் பீட்டி எதிரே வந்தான். செய்தி அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. தோளை ஒருமுறை அழுத்தினான். "நீயே சொன்னது நல்லதாப் போச்சுடா. எனக்கு வாய் வரல. உன் முதுகப் பாத்தாலே எனக்கு விலா வலிக்குது, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டான்.

மறுநாள் கெர்லாக் வலது கார்டாக நின்றான். கையில் பந்து இல்லை. குரல் வந்ததும் எதிரே இருந்தவன்மேல் பாய்ந்தான். எட்டு மாதமாக உள்ளே கட்டிவைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துகொண்டது போல இருந்தது. எதிரே நின்ற ஆள் பின்னால் போய் மல்லாந்து விழுந்தான். திடலோரத்தில் யாரோ விசிலடித்தார்கள். கெர்லாக் திரும்பிப் பார்த்தபோது வில்லி தண்ணீர்ப் புட்டியோடு நின்றிருந்தான். குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். வீடியோ அறையில் ராட்கே கெர்லாக்கின் படத்தை ஓட்டுவார், ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போவார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டு என்று அர்த்தம். வில்லியின் படத்தை ஓட்டும்போது நிறுத்துவார். எதிராளி வேகமாகத் திரும்பும் இடத்தில் வில்லியின் முழங்கால் ஒரு கணம் பிந்தும். அதை இரண்டு தடவை, மூன்று தடவை திருப்பித் திருப்பிக் காட்டுவார். அறையே பார்க்கும். ஒருநாள் அப்படிக் காட்டியபோது கெர்லாக்கின் நெஞ்சுக்குள் ஏதோ இலேசானது. அது சந்தோஷம் என்று புரிந்ததும் அவனுக்கே தன்மேல் பயம் வந்துவிட்டது. இருட்டில் வில்லியின் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான்.

முதல் குழுவில் வில்லிக்குக் கிடைத்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. கெர்லாக்கின் நேரம் கூடியது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் ஒருநாள், பயிற்சிக்குப் பின் உடம்பு வலி தணியப் பனிக்கட்டித் தொட்டிகளில் பக்கத்துப் பக்கத்தில் கழுத்துவரை மூழ்கி உட்கார்ந்திருந்தபோது வில்லிதான் வாயைத் திறந்தான்.

"இந்த வரிசையில உனக்கு நிக்க வேற இடமே கிடைக்கலியா?"

"நானா கேக்கல வில்லி. அவரா போட்டாரு."

"வேணாம்னு சொன்னியா?"

கெர்லாக் மிதந்த பனிக்கட்டியைக் கையால் விலக்கினான்.

"உன் இடம்னு சொன்னேன்."

"அது இல்ல நான் கேட்டது. வேணாம்னு சொன்னியா?"

"சொல்லல."

"சொல்லல." வில்லி தலையாட்டினான். "நானும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனா எனக்கு உன்னை இப்பப் பாக்கவே புடிக்கல தோக்கோ. எழுந்திரிச்சுப் போ."

கெர்லாக் நேரம் முடியுமுன் தொட்டியிலிருந்து எழுந்து போனான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடியும் நேரத்தில், தன் சமையலறையில் நின்றபடியே ரொட்டியும் சீஸும் தின்றான்.

ஆகஸ்டின் கடைசி ஒத்திகை ஆட்டம். காயத்துக்குப் பிறகு பீட்டி ஆடப்போகும் முதல் ஆட்டம் அதுதான். சிவப்புச் சட்டை கிடையாது, யாரும் அவனை அடிக்கலாம். முதல் குழுவில் கல்பெப்பர் சென்டர், கெர்லாக் வலது கார்ட். பந்து கையில் இல்லாதபோதும், பீட்டி மூச்சை இழுத்த அந்தச் சத்தம் கெர்லாக்கின் காதில் இருந்தது. கல்பெப்பர் பந்தை நன்றாகவே வீசினான்.

இரண்டாவது தடவை பந்து அவர்கள் கைக்கு வந்தபோது, எதிரணியின் இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் குறுக்கே ஓடி வழிமாற்றினார்கள். கல்பெப்பர் தவறான ஆளின் பின்னால் போய்விட்டான். நடுவில் வாசல் திறந்தது. பெரிய ஆள் ஒருவன் அதன் வழியாகப் பீட்டியை நோக்கி நேராகப் பாய்ந்தான்.

கெர்லாக் யோசிக்கவில்லை. தன்னிடமிருந்த ஆளை அப்படியே இடது பக்கம் தள்ளிக்கொண்டுபோய்ப் பாய்கிறவன்மேல் மோதினான். மூன்று உடம்பும் ஒன்றாகச் சரிந்தன. விழுந்த குவியலின் ஓரம் பீட்டியின் காலில் பட்டு அவனும் விழுந்தான். ஆனால் பந்து அதற்குள் அவன் கையை விட்டுப் பறந்துவிட்டது. தூரத்தில் கூட்டம் ஆரவாரித்தது. கெர்லாக் அதைக் கவனிக்கவில்லை. நாலு காலில் தவழ்ந்து போய்ப் பீட்டியின்மேல் சாய்ந்தான்.

"மூச்சு வருதா? மார்லன், மூச்சு வருதா?"

பீட்டி மல்லாந்து கிடந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. "வருதுடா. வருது. மேலேர்ந்து எந்திரி மொதல்ல, நீ ஏறினதாலதான் வரல."

கெர்லாக் எழுந்து கையை நீட்டினான், பீட்டி அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். எழுந்த பிறகும் உடனே விடவில்லை.

இரண்டாம் பாதியில் வில்லி ஆடினான். ஒரு தடவை கால் வழுக்கி முழங்காலில் விழுந்தான். எழுந்து வந்தான்.

ஆட்களைக் கழிக்கும் நாள் காலையில் உடைமாற்றும் அறையில் சத்தமே இல்லை. வழக்கமாக ஓடும் பாட்டுகூட இல்லை. ஒவ்வொருவனும் தன் உடுப்புப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, கட்டிய ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தான். கெர்லாக்கும் வில்லியும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டி. நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம்.

அலுவலகத்தில் வேலை பார்க்கும் ப்ரென்னர் என்ற மனிதர்தான் வந்து கூப்பிடுவார். நல்ல மனிதர். மற்ற நாளில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார். அன்று அவர் கதவில் தெரிந்தால் எல்லாத் தலையும் குனிந்துகொள்ளும். ஓரத்தில் இருந்தவனைத் தோளில் தொட்டார். அவன் எழுந்து போனான். கொஞ்சநேரம் கழித்து வந்து இன்னொருவனை. பிறகு அவர் காலடி இந்தப் பக்கம் திரும்பியது.

கெர்லாக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பழுப்பு நிற ஷூ இரண்டு வந்து அவனுக்கும் வில்லிக்கும் நடுவே நின்றன. நானில்லை, நானில்லை என்று மனசுக்குள் ஓடியது. நானில்லை என்றால் யார் என்பதும் அதோடு சேர்ந்தே ஓடியது.

"வில்லி," என்றார் ப்ரென்னர். "கோச் உன்ன பாக்கணும்கிறார். திருப்பிக் குடுக்க அணியோட டேப்லெட்டயும் எடுத்துக்கப்பா."

வில்லியின் முழங்கால்கள் சத்தம் போட்டன. அவன் போனான். கெர்லாக்குக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அவமானமாக இருந்தது.

திரும்பி வந்து வில்லி சாமான்களை அட்டைப்பெட்டியில் போட்டான். கெர்லாக் பெட்டியைத் தூக்கப் போனான். வில்லி தடுக்கவில்லை. இருவரும் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். வில்லியின் மனைவி காரில் காத்திருந்தாள். கெர்லாக்கைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மனசு கேட்காமல், "சாப்பிட்டியா?" என்றாள்.

"சாப்பிட்டேன்" என்று பொய் சொன்னான்.

வில்லி பெட்டியை வாங்கிப் பின்சீட்டில் வைத்தான். "நல்லா ஆடின. அந்தப் பையன் தப்பு பண்ணினப்ப நீ பண்ணது, என்னால முடிஞ்சிருக்காது. முழங்கால் விட்டிருக்காது." கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். "வீட்டுப் பக்கம் இப்போதைக்கு வராத தோக்கோ. நானே கூப்பிடறேன்."

"எப்ப?"

"தெரியல. கூப்பிடறேன்."

கார் போனது. கெர்லாக் வெயிலில் நின்றான். அணியில் இடம் கிடைத்துவிட்டது. அப்பாவுக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தான். பண்ணவில்லை.

மறுநாள் மதியம் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தபோது, பக்கத்துப் பெட்டிக்கு முன்னால் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். சியாட்டில் அணி கழித்துவிட்ட ஆளாம், அன்று காலைதான் விமானத்தில் வந்திறங்கியிருந்தான். கெர்லாக்கைவிட ஒரு பிடி உயரம். கையிரண்டும் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி இருந்தன. எழுந்து நின்று, பணிவாகக் கையை நீட்டினான்.

"ஓடெல் ராண்ட்ரி" என்றான்.

"கெர்லாக். எந்த இடம்?"

"கார்ட். வலது பக்கம்."

கெர்லாக் அந்தக் கையைக் குலுக்கினான். தன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டான். உள்ளங்கை ஈரமாக இருந்ததால் நாடா இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை இறுக்கிக் கட்டிவிட்டு, ராண்ட்ரிக்கு முன்னால் திடலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாக நடந்தான்.